இடுக்கில் இருக்கிறது சூட்சுமம்

எரிவாயு சுத்திகரிப்புக்கான நானோ துகள் சவ்வுகள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கிணற்றிலிருந்து ஏறி வரும் இயற்கை எரிவாயுவில் மீத்தேன் தனியாக வருவதில்லை. கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, நீராவி, பென்சீன் வகையறா கனத்த ஹைட்ரோகார்பன்கள், சில வயல்களில் நைட்ரஜன் என்று ஒரு கூட்டமே உடன் வரும். ஈரத்தோடு சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு எஃகுக் குழாயை அரிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு ஆளையே கொல்லும். அதனால் அமெரிக்கக் குழாய்களில் ஏற்றுமுன் முன்னதை 2 சதவீதத்துக்குள்ளும் பின்னதை 4 பிபிஎம் அளவுக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. 1930-இல் பாட்டம்ஸ் காப்புரிமை பெற்ற அமீன் கழுவல் முறைதான் இன்றும் இந்த வேலையில் பெரும்பங்கைச் செய்கிறது. 1980-களில் செல்லுலோஸ் அசிடேட் சவ்வுகள் போட்டிக்கு வந்தன. பாகிஸ்தானின் காதிர்பூர் வயலில் 1990-களில் அமைத்த சவ்வு ஆலை, 59 பார் அழுத்தத்தில் வரும் வாயுவில் 6.5 சதவீதம் இருந்த கார்பன் டை ஆக்சைடை 2 சதவீதத்துக்குக் கீழே இறக்கியது.

பாலிமர் சவ்வுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. வாயுவைத் தாராளமாக விடும் பாலிமர் ஆள் பார்த்து விடாது. ஆள் பார்த்து விடும் பாலிமர் தாராளமாக விடாது. லாயிட் ரோப்சன் 1991-இல் நூற்றுக்கணக்கான அளவீடுகளை ஒரே வரைபடத்தில் போட்டு, பாலிமர்கள் தாண்டாத கோடு ஒன்றைக் காட்டினார். 2008-இல் அதைத் திருத்தி வெளியிட்டார். அந்தக் கோட்டைத் தாண்டப் பலரும் பிடித்துக்கொண்ட வழி, பாலிமருக்குள் சியோலைட், சிலிக்கா, உலோக-கரிமச் சட்டகம் போன்ற நானோ துகள்களைக் கலப்பது. 1973-இலேயே பாலும் கெம்ப்பும் சிலிக்கான் ரப்பரில் 5ஏ சியோலைட்டைக் கலந்து பார்த்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டு தாண்டிவிட்டது. கட்டுரைகள் குவிகின்றன, வயலிலோ இன்றும் செல்லுலோஸ் அசிடேட்டும் பாலிஇமைடும்தான் கோலோச்சுகின்றன.

காரணம் பெரும்பாலும் துகளில் இல்லை. துகளுக்கும் பாலிமருக்கும் நடுவே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் இருக்கிறது. கூடவே, அந்த இடுக்கை மறைத்துவிடும் சோதனை முறைகளிலும் இருக்கிறது. ஆய்வகத்தில் இந்தச் சவ்வை வார்க்கப்போகும் மாணவர்களையும், அவர்கள் தரும் எண்களை நம்பி ஆலை போட நினைப்பவர்களையும் மனதில் வைத்து எழுதிய பட்டியல் இது.

துகளைத் தேர்ந்தெடுக்கும்போது

செய்ய வேண்டியவை:

– முதலில் மூலக்கூறின் அளவைப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடின் இயக்க விட்டம் 0.33 நானோமீட்டர், நைட்ரஜன் 0.364, மீத்தேன் 0.38. சல்லடை வேலை செய்யும் துகள் வேண்டுமென்றால் அதன் வாசல் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். ஏட்டில் போட்டிருக்கும் அளவை மட்டும் நம்பிவிட முடியாது. ஸிஃப்-8 என்ற சட்டகத்தின் வாசல் 0.34 நானோமீட்டர் என்பார்கள். அப்படியானால் மீத்தேன் நுழையக்கூடாது, ஆனால் நுழைகிறது. அதன் வாசலில் நிற்கும் இமிடசோலேட் வளையங்கள் கதவுபோல் அசைந்து கொடுக்கின்றன. அதனால் ஸிஃப்-8 சேர்த்த சவ்வில் வாயு ஓட்டம் கூடும். மீத்தேனிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் திறன் பெரிதாக உயராது. புரொப்பேனையும் புரொப்பிலீனையும் பிரிக்க அதே துகள் அருமையானது. எந்த வேலைக்கு எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

– பாலிமரையும் துகளையும் ஜோடி சேர்த்தே தேர்ந்தெடுங்கள். பாலிமரைவிடத் துகள் ஆயிரம் மடங்கு வேகமாக வாயுவை விட்டாலும் பயன் ஓர் எல்லைக்கு மேல் கூடாது. வாயு ஒரு துகளைத் தாண்டியதும் மீண்டும் பாலிமரில்தான் ஊர்ந்து போக வேண்டும்.

– துகளின் மேற்பரப்பில் பாலிமரோடு ஒட்டும் வேதித்தொகுதி ஏதாவது உண்டா என்று பாருங்கள். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் 2008-இல் பிறந்த யூஐஓ-66 என்ற சிர்க்கோனியம் சட்டகத்தில் அமீன் தொகுதி ஏற்றிய வகை பாலிஇமைடோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடும். அதன் வாசல் ஏறத்தாழ 0.6 நானோமீட்டர் என்பதால் சல்லடை வேலை எதிர்பார்க்க வேண்டாம். கார்பன் டை ஆக்சைடை ஈர்த்துக்கொள்ளும் வேலையை அது செய்யும்.

செய்யக்கூடாதவை:

– புகழைப் பார்த்துத் துகளை எடுக்காதீர்கள். உலோக-கரிமச் சட்டகங்களுக்காக 2025-இல் கிடாகவா, ராப்சன், யாகி மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. இனி ஒவ்வொரு ஆய்வகத்திலும் யாராவது ஒருவர் ஒரு சட்டகத்தைக் கலக்கி வார்க்கப்போகிறார். கலக்கட்டும். ஆனால் மாஃப்-5 என்ற சட்டகம் சாதாரணக் காற்றின் ஈரத்திலேயே சிதைந்துவிடும். எரிவாயுவில் நீராவி இல்லாத கிணறு எங்கே இருக்கிறது?

– 4ஏ, 13எக்ஸ் போன்ற நீர்விரும்பும் சியோலைட்டுகளை ஈர வாயுவுக்கு எடுக்காதீர்கள். நீர் மூலக்கூறு முதலில் போய் இடம் பிடித்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடுக்கு வாசல் அடைபட்டுவிடும்.

– சவ்வின் பிரிக்கும் அடுக்கைவிடப் பெரிய துகளைத் தொடவே வேண்டாம். இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

கரைசல் கலக்கும்போதும் வார்க்கும்போதும்

பாலிமரை வெற்றிட அடுப்பில் 110 முதல் 120 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்திவிட்டுத் தொடங்குங்கள். சியோலைட் என்றால் 200 டிகிரிக்கு மேல், வெற்றிடத்தில். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலரும் கவனிக்காமல் விடுவது வேறொன்று: ஸிஃப்-8 போன்ற நானோ சட்டகங்களை ஒருமுறை முழுக்க உலர்த்திவிட்டால் அவை கட்டி தட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் தனித்தனியாகப் பிரியாது. அவற்றைத் தயாரித்த கையோடு கழுவி, கரைப்பானை மாற்றி, ஈரக் கூழாகவே வைத்திருந்து கரைசலில் சேருங்கள். துகளின் எடையை அறிய கூழின் சிறு பகுதியை மட்டும் தனியே உலர்த்திப் பார்த்தால் போதும்.

துகளை நேராகக் கெட்டியான பாலிமர் கரைசலில் கொட்டாதீர்கள். முதலில் நீர்த்த கரைப்பானில் துகளை மிதக்கவிட்டு, மொத்தப் பாலிமரில் ஒரு சிறு பங்கை மட்டும் சேர்த்துப் பல மணி நேரம் கலக்குங்கள். துகளின் மேல் மெல்லிய பாலிமர்ப் போர்வை விழும். அதற்குப் பிறகு மீதியைச் சேர்க்கலாம். ஆய்வகங்களில் இதைப் பிரைமிங் என்பார்கள். இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால் வீணாகும் சவ்வுகள் ஏராளம்.

மீயொலிக் கொம்பை அளவுக்கு மீறி ஓட்டாதீர்கள். கட்டியை உடைப்பதற்காகக் கொம்பை நேரே கரைசலில் விட்டு ஓட்டினால் ஸிஃப்-8 துகள்களில் சிறியவை கரைந்து பெரியவை மேல் படிந்துவிடும் என்று 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. நானோ துகள் என்று நினைத்துக்கொண்டு வார்ப்பது, கடைசியில் அந்த அளவில் இருக்காது. ஓட்டுவதற்கு முன்பும் பின்பும் துகள் அளவை அளந்து வையுங்கள்.

வார்ப்பதற்கு டாக்டர் பிளேடும் கண்ணாடித் தட்டும் போதும், அவசரம்தான் எதிரி. டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும். திறந்த மேசையில் வார்த்தால் அது விருட்டென்று ஆவியாகி, படலத்தின் மேற்பரப்பைக் குளிரவைத்து, காற்றின் ஈரத்தை இழுத்து அதன் மேல் படியவிடும். கண்ணாடிபோல் வர வேண்டிய படலம் பால்போல் வெளுத்துப்போகும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் இது நிச்சயம். தட்டைப் பையால் மூடி, உள்ளே கரைப்பான் ஆவியை நிரப்பி, உலர் நைட்ரஜன் ஓடவிட்டு, மெதுவாகக் காயவிடுங்கள். என்எம்பி போன்ற உயர் கொதிநிலைக் கரைப்பான் என்றால் எதிர்ப்பக்கத் தொல்லை: 202 டிகிரியில் கொதிப்பது லேசில் வெளியேறாது. மிச்சம் இருக்கும் கரைப்பான் பாலிமரை இளக்கிவிடும். அதைத் துகளின் சாதனை என்று எண்ணி எழுதிவிடுகிறவர்கள் உண்டு. வெப்ப எடையியல் சோதனையில் கரைப்பான் மிச்சம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே சவ்வைச் சோதனைக் கலத்தில் ஏற்றுங்கள்.

துகளின் அளவை எடைச் சதவீதத்தில் மட்டும் எழுதாதீர்கள், கனஅளவிலும் எழுதுங்கள். ஸிஃப்-8-இன் அடர்த்தி ஏறத்தாழ 0.95, பாலிஇமைடு 1.2. எடையில் 20 சதவீதம் கலந்தால் கனஅளவில் 24 சதவீதம் வரும். அதே 20 எடைச் சதவீதம் அடர்த்தி 2.2 உள்ள திண்மச் சிலிக்கா என்றால் கனஅளவில் 12 தான். இரண்டையும் ஒரே பத்தியில் போட்டு ஒப்பிடுவது நியாயமல்ல.

இடுக்கு

கரைப்பான் வெளியேற வெளியேறப் பாலிமர் சுருங்கும், துகள் சுருங்காது. ஒரு கட்டத்தில் பாலிமர் கண்ணாடிபோல் விறைத்துவிடும். அதற்குப் பிறகும் மிச்சக் கரைப்பான் வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். அப்போது எழும் இழுவிசை பாலிமரைத் துகளிலிருந்து பிய்க்கும். துகளைச் சுற்றி ஒரு வளைய இடைவெளி விழும். துறைக்காரர்கள் இதைக் கூண்டுக்குள் சல்லடை என்பார்கள். வாயு துகளுக்குள் போகாமல் சுற்றி இருக்கும் வெற்றிடத்தில் நழுவிப் போய்விடும். ஓட்டம் கூடும், பிரிப்புத் திறன் வெறும் பாலிமரின் அளவிலேயே நிற்கும். இடைவெளிகள் ஒன்றோடொன்று இணைந்து ஊடுவழியாகிவிட்டால் பிரிப்பும் சரிந்துவிடும்.

நேர்மாறான கோளாறும் உண்டு. பாலிமர்ச் சங்கிலிகள் துகளின் மேல் இறுக ஒட்டி விறைத்துப்போனால் ஓட்டம் குறையும், பிரிப்பு சற்று கூடும். சங்கிலி துகளின் வாசலுக்குள்ளேயே நுழைந்து அடைத்துக்கொண்டால் ஓட்டம் மட்டும் குறையும்; பலன் ஏதும் இராது. விலை உயர்ந்த துகள் மணல்போல் உள்ளே கிடக்கும்.

செய்ய வேண்டியவை:

– எண் வந்ததும் மேக்ஸ்வெல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜேம்ஸ் கிளர்க் மேக்ஸ்வெல் 1873-இல் மின்கடத்தலுக்காக எழுதிய சமன்பாடு இங்கே அப்படியே பொருந்தும். துகள் வாயுவுக்குத் தடையே காட்டாது, எல்லையற்ற வேகத்தில் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கனஅளவில் 20 சதவீதம் துகள் கலந்தால் ஓட்டம் அதிகபட்சம் 1.75 மடங்குதான் ஆகும். 1-உடன் 20 சதவீதத்தின் இருமடங்கைக் கூட்டினால் 1.4, 1-இலிருந்து 20 சதவீதத்தைக் கழித்தால் 0.8, முன்னதைப் பின்னதால் வகுங்கள், அவ்வளவுதான். துகள் வாயுவை விடவே விடாது என்றால் ஓட்டம் 0.73 மடங்காகக் குறையும். ஆக, நல்ல ஒட்டுதல் உள்ள சவ்வு இந்த இரண்டு எல்லைக்குள் நிற்க வேண்டும். உங்கள் சவ்வில் ஓட்டம் 4 மடங்கு கூடியிருந்தால், துகளைப் பாராட்டுவதற்கு முன்னால் இடுக்கைத் தேடுங்கள்.

– விதிவிலக்கும் தெரிந்திருக்கட்டும். 2002-இல் மெர்க்கெல், ஃப்ரீமன் குழுவினர் பாலி(4-மெத்தில்-2-பென்டைன்) என்ற விறைத்த பாலிமரில் துளையே இல்லாத சிலிக்காவைக் கலந்தார்கள். ஓட்டமும் கூடியது, பெரிய ஆவி மூலக்கூறுகளை முந்தவிடும் பிரிப்பும் கூடியது. துகள் அங்கே சங்கிலிகளின் அடுக்கைக் கலைத்து இடம் உண்டாக்கியிருந்தது. மேக்ஸ்வெல் கணக்கு அதைச் சொல்லாது. அப்படி ஒன்று நடந்திருக்கிறது என்று நீங்கள் சொல்வதானால் தனியாக ஆதாரம் காட்ட வேண்டும்.

– சிலேன் பூசுவது, துகள் மேல் முள்முள்ளாக மக்னீசியம் ஹைட்ராக்சைடை வளர்ப்பது, விறைப்பு வெப்பநிலைக்கு மேல் சூடாக்கி மெதுவாக ஆறவிடுவது என்று ஒட்டுதலைக் கூட்டப் பல வழிகள் உண்டு. எதைச் செய்தாலும், பூசிய பிறகு துகளின் உறிஞ்சும் திறன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்துவிடுங்கள். சிலேன் தடித்தால் வாசலே அடைந்துபோகும்.

செய்யக்கூடாதவை:

– மின்னணு நுண்ணோக்கிப் படம் ஒன்றை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். திரவ நைட்ரஜனில் முக்கி உடைத்த சவ்வின் வெட்டுமுகத்தில் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியிலும் ஒரு துகள் உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் கறுப்பு வளையம். அது சவ்வில் இருந்த இடுக்காகவும் இருக்கலாம். உடைக்கும்போது துகள் ஆட்டம் கொடுத்ததால் விழுந்ததாகவும் இருக்கலாம். இரண்டும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். குழியின் விளிம்பிலிருந்து துகளுக்கு மெல்லிய பாலிமர் நரம்புகள் இழுபட்டு நின்றால் ஒட்டுதல் இருந்திருக்கிறது என்று பொருள். சுவர் வழவழவென்று, துகளின் அச்சு பிசகாமல் பதிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். வசதி உள்ளவர்கள் அயனிக் கற்றையால் சீவிப் பார்க்கலாம். அந்தக் கற்றையும் பாலிமரைச் சுடும் என்பதை மறக்க வேண்டாம்.

– 30, 40 சதவீதம் என்று துகளை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். சவ்வு முறுக்குபோல் நொறுங்கும்.

சோதிக்கும்போது

பாலும் கெம்ப்பும் 1973-இல் கண்டது இன்றும் பாடம். சியோலைட் சேர்த்ததும் நிலைத்த ஓட்டம் பெரிதாக மாறவில்லை. அந்த நிலைக்கு வந்து சேர எடுக்கும் நேரம்தான் மிக நீண்டுவிட்டது. துகள் முதலில் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும், பிறகுதான் மறுபக்கம் வாயு வரும். வெறும் பாலிமருக்குப் பழகிய நேரக்கணக்கில் கலப்புச் சவ்வின் சோதனையை நிறுத்தினால் ஓட்டம் குறைவாகக் காட்டும், பரவல் கெழு தப்பாக வரும். தாமத நேரத்தின் பல மடங்கு காத்திருங்கள்.

தனித்தனி வாயுவில் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்து, இதுதான் பிரிப்புத் திறன் என்று எழுதாதீர்கள். இதைவிடப் பரவலான தவறு இந்தத் துறையில் இல்லை. செல்லுலோஸ் அசிடேட்டைத் தனி வாயுக்களில் அளந்தால் 30-ஐ ஒட்டிய எண் வரும். வயலில், உயர் அழுத்தத்தில், கலவை வாயுவில் அது 12 முதல் 15 வரைதான் கொடுக்கிறது. கார்பன் டை ஆக்சைடு பாலிமரில் கரைந்து அதை இளக்கிவிடும்; சங்கிலிகள் விலகிய வழியில் மீத்தேனும் புகுந்துவிடும். மீத்தேனைத் தனியாக அனுப்பிச் சோதித்தால் இந்தக் கூத்து தெரியவே தெரியாது. ஆகவே:

– கலவை வாயுவில் அளவிடுங்கள், முடிந்தால் கார்பன் டை ஆக்சைடு 10 சதவீதத்திலும் 50 சதவீதத்திலும்.

– கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தத்தை 10, 20 பார் வரை ஏற்றிப் பாருங்கள். ஏற்றியபடியே இறக்கியும் அளவிடுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றாமல் பிரிந்தால் சவ்வு இளகியிருக்கிறது.

– வாயுவில் ஈரத்தைச் சேருங்கள். சிறிது ஹெக்சேன் அல்லது டொலுவீன் ஆவியையும் சேருங்கள். உலர்ந்த சிலிண்டர் வாயுவில் மட்டும் ஜெயிக்கும் சவ்வு சிலிண்டருக்குத்தான் உதவும்.

– சவ்வின் வயதைக் குறித்து வையுங்கள். பிம்-1 போன்ற திறந்த கட்டமைப்புள்ள பாலிமர்கள் நாளாக நாளாகத் தாமே அடர்ந்து ஓட்டத்தை இழக்கும். படலம் மெலிய மெலிய இந்த முதுமை வேகமாக வரும். மெத்தனாலில் ஊறவைத்து இளமையைத் திருப்பிவிட்டு அன்றே அளப்பது ஒரு கணக்கு. ஆறு மாதம் கழித்து அளப்பது வேறொரு கணக்கு.

– ஒரே கரைசலிலிருந்து வார்த்த ஒரு சவ்வின் எண்ணை மட்டும் போடாதீர்கள். தனித்தனியாகக் கலக்கி வார்த்த சவ்வுகள் குறைந்தது மூன்று வேண்டும், விலகலோடு. துகள் சேர்க்காத வெறும் பாலிமரையும் அதே கரைப்பானில், அதே சூட்டில், அதே நாட்களில் வார்த்திருக்க வேண்டும். பழைய கட்டுரையிலிருந்து எடுத்த எண்ணோடு ஒப்பிடுவது ஏமாற்று வேலை.

ஹைட்ரஜன் சல்பைடோடு சோதிக்கப்போகிறவர்களுக்குத் தனியாக: மூக்கை நம்பவே நம்பாதீர்கள். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். 100 பிபிஎம் அளவை நெருங்கும்போது மோப்ப உணர்வு மரத்துவிடும். நாற்றம் நின்றுபோனால் வாயு போய்விட்டது என்று பொருளல்ல. அந்த அளவே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் வரையறுத்திருக்கிறது. உணரியும் அலாரமும் இல்லாமல், தனியாளாக, இரவில் இந்த வாயுவின் வால்வைத் திறக்கக்கூடாது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் தீப்பற்றும். வெளியேறும் குழாயைப் புகைப்போக்கி மாடத்துக்குள் விடுங்கள். உலர்ந்த நானோ தூளை மூச்சுக்கவசம் இல்லாமல் கொட்டி அளக்காதீர்கள். என்எம்பி, டிஎம்எஃப் கரைப்பான்கள் இரண்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை.

மெல்லிய படலமாக மாற்றும்போது

ஆய்வகப் படலம் 30, 50, 80 மைக்ரான் தடிப்பு. வயலில் ஓடும் சவ்வின் பிரிக்கும் அடுக்கு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும்; அதற்குக் கீழே நுண்துளைத் தாங்கி. லோபும் சௌரிராஜனும் கடல்நீருக்காக உருவாக்கிய இந்த இரட்டைக் கட்டமைப்புதான் சவ்வுத் தொழிலையே சாத்தியமாக்கியது. 200 நானோமீட்டர் துகளை 100 நானோமீட்டர் அடுக்கில் எப்படிப் புதைப்பீர்கள்? தலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அதைச் சுற்றி ஓட்டை விழும். அடுக்கு 200 நானோமீட்டர் என்றால் துகள் 50-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

– தடித்த படலத்தில் கிடைத்த எண்ணை அப்படியே மெல்லிய அடுக்குக்குப் பெருக்கிக் காட்டாதீர்கள். 1 பேரர் ஊடுருவுதிறன் உள்ள பொருளை 1 மைக்ரானுக்கு மெலித்தால் 1 ஜிபியு ஓட்டம் கிடைக்கும் என்பது காகிதத்தில் சரி. மெலிக்கும்போது துகள் கட்டி தட்டும், முதுமை வேகமாகும், ஓட்டை கூடும்.

– உள்ளீடற்ற இழையாக நூற்பதானால் துகளை வெளியடுக்கில் மட்டும் வைக்க இரட்டை அடுக்கு நூற்பைப் பாருங்கள். விலை உயர்ந்த துகளைத் தாங்கி அடுக்கில் கொட்டுவதில் பயனில்லை.

– சிலிக்கான் ரப்பரைப் பூசி ஓட்டையை அடைக்கலாம். ஹெனிஸும் டிரிப்போடியும் காட்டிய இந்த உத்தியால்தான் 1980 வாக்கில் மான்சாண்டோவின் பிரிசம் சவ்வுகள் சந்தைக்கு வந்தன. ஆனால் பூசுவதற்கு முன் இருந்த எண்ணையும் காட்டுங்கள். துகளைச் சுற்றி அடுக்குக்கு உள்ளே புதைந்திருக்கும் இடுக்கை மேற்பூச்சு எட்டாது.

வயலுக்குக் கொண்டுபோகும்போது

– சவ்வைவிட அதற்கு முன்னால் நிற்கும் சுத்திகரிப்பு வரிசைக்கு அதிகக் கவனம் கொடுங்கள்: நீர்த்துளி, எண்ணெய்த்துளி பிடிக்கும் வடிகட்டி, ஆக்டிவேட்டட் கார்பன் படுகை, தூசி வடிகட்டி, சூடேற்றி. இதில் சூடேற்றியை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கார்பன் டை ஆக்சைடு சவ்வைக் கடந்து அழுத்தம் குறையும்போது குளிர்ச்சி உண்டாகும். கார்பன் டை ஆக்சைடு போகப் போக மிஞ்சிய வாயுவில் கனத்த ஹைட்ரோகார்பன்களின் பங்கும் கூடும், அவற்றின் பனிப்புள்ளியும் ஏறும். ஒருபக்கம் சூடு இறங்குகிறது, மறுபக்கம் பனிப்புள்ளி ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் சவ்வின் மேல் எண்ணெய் துளிர்க்கும். நுழையும் வாயுவின் பனிப்புள்ளியை மட்டும் பார்த்து நிம்மதி அடையக்கூடாது. வெளியேறும் முனையில் கணக்குப் போட வேண்டும்.

– பிரிப்புத் திறனை உயர்த்திக்கொண்டே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 50 பார் வாயு வெளியேறும் முனையில் கார்பன் டை ஆக்சைடு 2 சதவீதம் என்றால் அதன் பகுதி அழுத்தம் 1 பார். மறுபக்கம் மொத்த அழுத்தம் 5 பார் என்றால், அந்த இடத்தில் கடந்துவந்த வாயுவில் கார்பன் டை ஆக்சைடு 20 சதவீதத்தை எட்டியதும் உந்துவிசை தீர்ந்துவிடும். அங்கே சவ்வின் திறன் 30 ஆனாலும் 300 ஆனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அழுத்த விகிதம் போடும் இந்தக் கட்டை எந்த நானோ துகளும் அவிழ்க்காது. 30-ஐ 40 ஆக்கி, ஈரத்திலும் உயர் அழுத்தத்திலும் அந்த 40 நிற்கும்படி செய்தால் அது பெரிய காரியம்.

– திடீரென்று அழுத்தத்தை இறக்காதீர்கள். உயர் அழுத்தத்தில் பாலிமருக்குள் கரைந்த கார்பன் டை ஆக்சைடு ஒரேயடியாக வெளியே பாய்ந்தால் உள்ளேயே நுரை கட்டும். ஏற்கெனவே பலவீனமான துகள் இடுக்குகள்தான் முதலில் வாய் திறக்கும். கடந்துவந்த பக்கத்தின் அழுத்தம் எக்காரணம் கொண்டும் நுழையும் பக்கத்தைவிட மேலே போகக்கூடாது. மெல்லிய அடுக்கு தாங்கியிலிருந்து உரிந்துவிடும்.

– அமீன் ஆலையோடு செலவை ஒப்பிடும்போது சதுர மீட்டர் விலையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடோடு கூடவே கடந்துபோகும் மீத்தேன் விற்க வேண்டிய சரக்கு. அதை மீட்க இரண்டாம் நிலைச் சவ்வும் நடுவில் ஒரு அழுத்தியும் வேண்டும். அந்த அழுத்தியின் மின்செலவை, சவ்வை மாற்றும் ஆண்டுச் செலவோடு சேர்த்து எழுதுங்கள். ஹைட்ரஜன் சல்பைடை 4 பிபிஎம் வரை இறக்குவது சவ்வால் தனியே ஆகிற காரியமல்ல. கார்பன் டை ஆக்சைடு மிகுந்த வாயுவில் முதல் வெட்டைச் சவ்விடமும் கடைசித் துடைப்பை அமீனிடமும் கொடுக்கும் கலப்பு ஆலைகள் நல்ல ஏற்பாடு. கடல்மேடையில் இடமும் எடையும் கணக்கு என்பதால் அங்கே சவ்வுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. புதுச் சவ்வுக்கு இடம் கேட்பதானால் முதலில் அங்கே, ஏற்கெனவே ஓடும் ஆலையிலிருந்து பக்கவாட்டில் எடுத்த சிறு வாயு ஓட்டத்தில், சில மாதம் தொடர்ந்து ஓட்டிய எண்ணோடு போய் நில்லுங்கள்.